காப்பி நாற்று: முளைத்த பிறகு செய்யும் தப்புகள்

காப்பி விதை முளைக்க ஏறத்தாழ 45 நாள் ஆகும். ஏற்காட்டுக் குளிரில் இன்னும் சில நாள் கூடும். அத்தனை நாள் பொறுமையாகத் தண்ணீர் தெளித்துவிட்டு, முளை கண்டதும் அசந்துபோவதில்தான் பாதி நாற்று போகிறது.

முதலில் பாத்தியை மூடிய வைக்கோல். பாத்தியில் ஆங்காங்கே முளை மண்ணைக் கீறியதுமே அதை எடுத்துவிட வேண்டும். எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திருந்தால், முந்தி வந்த முளைகள் வெளிச்சம் தேடி வெளிறிக் கோணலாக நீளும். சாயங்காலமாக எடுங்கள், மேலே பந்தல் இருக்கட்டும்.

முளை நிமிரும்போது விதையைத் தொப்பி மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஓட்டைக் கையால் பிய்த்தால் உள்ளே இருக்கும் விதையிலையும் சேர்ந்து கிழியும். ஈரம் பட்டால் தானே கழன்று விழும்.

பைக்கு மாற்றச் சரியான நேரம் இந்தத் தொப்பிப் பருவம்தான். விதையிலை விரிந்து பக்கவேர் ஓடிய பிறகு பிடுங்கினால் ஆணிவேர் மடங்காமல் நடுவது கஷ்டம். வேர் மடங்கியதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பையில் இருக்கும்வரை நாற்று பச்சைப்பசேல் என்று நிற்கும். தோட்டத்தில் நட்டு இரண்டு மூன்று வருஷம் கழித்து, காய்ப்பு ஏறும் சமயத்தில், மார்ச் வெயிலில் இலை தொங்கும். உரம் போதவில்லையோ, தண்ணீர் போதவில்லையோ என்று தேடுவோம். மண்ணுக்குள் வேர் கொக்கி போல் வளைந்து கிடக்கும்.

முந்தின நாளே பாத்தியை நனைத்து, குச்சியால் அடிமண்ணை நெம்பி நாற்றை எடுங்கள். வேர் கோணியதையும் இரண்டாகப் பிரிந்ததையும் இரக்கப்படாமல் வீசிவிடலாம். பை மண்ணில் வேரைவிட ஆழமாகக் குழி குத்தி, நாற்றைச் சற்றுக் கீழே இறக்கி, பழைய மண்மட்டம் வரை மெல்ல மேலே இழுத்தால் வேர் நேராகிவிடும். பிறகு குச்சியைப் பக்கத்தில் செருகி மண்ணை வேரோடு அணைக்க வேண்டும். மேலிருந்து கட்டைவிரலால் அழுத்துவது வேண்டாம். மேல்மண் இறுகும், அடியில் காற்று நிற்கும். ஆள் விட்டு நட்டால் அன்றைக்கே ஒன்றிரண்டு பையைக் கிழித்து வேரைப் பாருங்கள்.

பை 9 அங்குல உயரம், 6 அங்குல அகலம், அடியில் ஓட்டைகள். மேல்மண் 6 பங்கு, மக்கிய தொழு உரம் 2, மணல் 1. பச்சைச் சாணம் கலந்தால் சூட்டில் வேர் கருகும்.

அடுத்த எமன் தண்ணீர். மண்ணோடு ஒட்டும் இடத்தில் தண்டு பழுப்பேறி, நூல் போல் சுருங்கி நாற்று சாய்ந்தால் அது கழுத்தழுகல். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றினால் வட்டம் வட்டமாகப் பரவும். சாய்ந்ததை மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்தி, தண்ணீரைக் குறைத்து, நெருக்கத்தைக் கலைத்து, பந்தலில் கொஞ்சம் வெளிச்சம் விடுங்கள். பூவாளியில் காலையில் ஊற்றினால் இரவுக்குள் இலை காய்ந்துவிடும்.

வெளிச்சம் வேண்டும் என்று பந்தலை ஒரே நாளில் பிரிப்பவர்களும் உண்டு. சில நாளில் இலையில் பழுப்புப் புள்ளி, நடுவில் சாம்பல் நிறம் தெரியும். பழுப்புக்கண் நோய் அது. மருந்து தேடுமுன் நிழலைச் சரிசெய்யுங்கள். அதிக வெயிலும் சத்துக் குறைவும்தான் அதை அழைத்து வருகின்றன. மழை பிடித்த பிறகு பந்தல் தழையைக் கொஞ்சம் கொஞ்சமாக, சில வாரங்களில் குறைப்பதே முறை.

யூரியா கொடுப்பதானால் இரண்டு ஜோடி இலை வந்த பிறகு, 20 கிராமை நாலரை லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு சதுர மீட்டருக்கு ஊற்றலாம். உடனே வெறும் தண்ணீரால் இலையைக் கழுவாவிட்டால் ஓரம் கருகும்.

நாள் பிந்திய பையில் ஆணிவேர் அடியில் சுருண்டிருக்கும். நடும்போது பையின் அடிப்பாகத்தை ஓர் அங்குலம் அந்தச் சுருளோடு சேர்த்துக் கத்தியால் சீவிவிட்டு, மீதிப் பையை உருவிக் குழியில் வையுங்கள்.