எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தரையை நீளக் கைப்பிடிப் பிரஷால் சுத்தம் செய்யும் முறை

சிறிய உணவகங்களில் வடைச் சட்டியும் புரோட்டாக் கல்லும் இருக்கும் பக்கத்துத் தரையை நாள்தோறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும், மறுநாள் காலையில் கால் வைத்தால் வழுக்கவே செய்யும். தண்ணீரோடு எண்ணெய் கலக்காது என்பது ஒரு காரணம். கழுவும் வேலையின் வரிசை தவறாக இருப்பது அதைவிடப் பெரிய காரணம். தண்ணீரை முதலில் ஊற்றிப் பிறகு தேய்த்தால் ஓரிடத்தில் கிடந்த பிசுக்கு தரை முழுவதும் மெல்லிய படலமாகப் பரவும். அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாததால் முன்பைவிட ஆபத்தானது. கொதிக்கும் எண்ணெய் நிறைந்த சட்டிக்கு அருகில் ஒருவர் வழுக்கி விழுவது எத்தகைய விபத்து என்பதைச் சமையற்கட்டில் வேலை செய்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த விளக்கம் இயந்திரம் வாங்க வசதியில்லாத சிறு கடைகளுக்கும் வீடுகளுக்கும் உரியது. நீளக் கைப்பிடி பொருத்திய ஒரு கெட்டி நார் பிரஷ், சுரண்டுவதற்கு ஒரு தகடு, தண்ணீரைத் தள்ள ஒரு வைப்பர் ஆகியவை இருந்தால் போதும். முதலில் சுரண்டல், அடுத்து ஊறல், பிறகு தேய்ப்பு, கடைசியில் அள்ளுதல் என்ற வரிசை மாறாமல் இருக்க வேண்டும் என்பதே நான் வலியுறுத்த விரும்புவது.

பிரஷைத் தேர்ந்தெடுத்தல்

பிரஷின் கட்டை 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலம் இருந்தால் ஒரு ஆளால் சிரமமின்றித் தள்ள முடியும். அதற்கு மேல் அகலமானால் நாரின் நுனியில் விழும் அழுத்தம் குறைந்துவிடும். கைப்பிடியை நிறுத்திப் பார்த்தால் அதன் முனை உங்கள் தோளுக்கும் முகவாய்க்கும் இடையில் வர வேண்டும். குட்டையான கைப்பிடி முதுகை வளைக்க வைக்கும். முதுகு வலிக்கிறது என்பதற்காகவே பாதியில் நிறுத்தப்படும் தரைகள் பல.

நாரைப் பொறுத்தவரை பாலிபுரோப்பிலீன் அல்லது நைலான் நார் சலவை சோடா கரைத்த சூடான தண்ணீரைத் தாங்கும், எண்ணெயையும் உறிஞ்சாது. பனை மட்டையின் அடிப்பகுதியிலிருந்து எடுக்கும் பனந்தும்பு நாரும் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. தண்ணீரில் நனைந்த பிறகும் விறைப்பு குறையாத நார் அது. தூத்துக்குடி வழியாக வெளிநாட்டுப் பிரஷ் தொழிற்சாலைகளுக்கு நெடுங்காலமாக ஏற்றுமதியானதும் அந்தக் குணத்திற்காகத்தான். கம்பி பிரஷை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது டைல்ஸின் மேற்பூச்சைக் கீறும். கீறலுக்குள் அடுத்த பிசுக்கு இன்னும் ஆழமாக இறங்கும். உடைந்து விழும் கம்பித் துணுக்குகள் துருக்கறை வைப்பதோடு உணவிலும் விழக்கூடும்.

தரை எது, பிசுக்கு எது என்று பார்த்தல்

தொடங்கும் முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும். முதலாவது, தரை எந்தப் பொருளால் ஆனது என்பது. கடப்பா கல்லும் கோட்டா கல்லும் சுண்ணாம்புக் கல் வகையைச் சேர்ந்தவை. சிமென்ட் தரையிலும் சுண்ணாம்புச் சத்து உண்டு. இவற்றின் மீது கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கல்லே கரையும். நுரை வருவதைப் பார்த்து அழுக்குப் போகிறது என்று நம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் போவது தரையின் மேல்தோல். அதன் பிறகு கல் சொரசொரப்பாகி முன்பைவிட அதிக எண்ணெயைக் குடிக்கும். ஆசிட் எண்ணெயைக் கரைப்பதும் இல்லை. ஆகவே எண்ணெய்ப் பிசுக்குக்கு ஆசிட் எந்தத் தரையிலும் தேவையில்லை. பழைய வீடுகளின் சிவப்பு ரெட் ஆக்சைடு தரையாக இருந்தால், சோடாவின் அளவைப் பாதியாகக் குறைத்து ஒரு மூலையில் சோதித்துப் பார்த்த பிறகே முழுத் தரைக்கும் செல்லுங்கள்.

இரண்டாவது, பிசுக்கின் வகை. அன்று சிந்திய எண்ணெய் திரவமாகவே இருக்கும். வனஸ்பதியும் நெய்யும் ஆறிய பிறகு உறைந்து மெழுகுபோல் ஒட்டும். சூரியகாந்தி போன்ற எண்ணெய்கள் மெல்லிய படலமாகக் காற்றுப்பட்டுக் கிடந்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து மஞ்சள் நிறத்தில் இறுகி, ஏறக்குறைய வார்னிஷ் ஆகிவிடும். அடுப்படிச் சுவரிலும் புகைபோக்கியிலும் காணப்படும் பிசின் போன்ற படலம் இதுவே. மெக்கானிக் கடை வாசலிலும் வண்டி நிறுத்துமிடத்திலும் கிடக்கும் இன்ஜின் ஆயில் இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அதைப் பற்றிப் பின்னர் தனியாகச் சொல்கிறேன்.

முதல் படி: சுரண்டுதல்

அடுப்பை அணைத்து, சட்டிகள் ஆறிய பிறகு தொடங்குங்கள். தரையில் நகர்த்தக்கூடிய பொருட்களை நகர்த்தி, தாழ்வாக இருக்கும் மின் இணைப்புகளைத் துண்டியுங்கள். ரப்பர் கையுறையும், அடிப்பாகம் வழுக்காத கம்பூட்ஸும் அணிந்துகொள்ளுங்கள்.

தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழும் முன்பே கெட்டியான பிசுக்கைச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். பெயின்டர்கள் பட்டி பூசப் பயன்படுத்தும் தகடே இதற்குப் போதுமானது. தகட்டைத் தரையோடு ஏறக்குறைய 30 பாகைக் கோணத்தில் சாய்த்து உங்களுக்கு எதிர்ப்புறமாகத் தள்ளுங்கள். செங்குத்தாகப் பிடித்தால் கல்லில் கோடு விழும். திரவமாக இருக்கும் எண்ணெய் மீது மரத்தூளையோ சலித்த உலர்ந்த மண்ணையோ தூவி, அது ஈரமாக நிறம் மாறும் வரை விட்டு, முறத்தில் கூட்டி அள்ளுங்கள். இந்தப் படியில் வெளியேறும் ஒவ்வொரு கைப்பிடிக் கசடும் அடுத்த படிகளில் செலவாகும் சோடாவையும் தண்ணீரையும் உழைப்பையும் குறைக்கிறது.

அள்ளிய மரத்தூளையும் எண்ணெய் துடைத்த துணிகளையும் மூலையில் குவித்து வைக்காதீர்கள். காற்றில் இறுகும் தன்மையுள்ள எண்ணெய்கள் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பத்தை வெளியிடும். குவியலுக்குள் வெப்பம் தேங்கினால் யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். அவற்றைத் தண்ணீர் தெளித்து, மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு அன்றே அப்புறப்படுத்துங்கள்.

இரண்டாம் படி: ஊறவைத்தல்

10 லிட்டர் சூடான தண்ணீரில் 200 முதல் 300 கிராம் சலவை சோடாவைப் போட்டு முழுவதும் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சேருங்கள். ஆப்ப சோடாவும் சலவை சோடாவும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். ஆப்ப சோடாக் கரைசல் மிக மிதமான காரம் கொண்டது. காரத்தின் வலிமையைக் காட்டும் அதன் பிஎச் அளவு 8-ஐ ஒட்டியே இருக்கும். சலவை சோடாவின் கரைசல் 11-ஐ எட்டும். பிசுக்கை இளக்குவதற்கு இந்தக் காரம் தேவை. சமையல் எண்ணெயும் கொழுப்பும் காரத்தோடு வினைபுரியும்போது அவற்றின் ஒரு பகுதி சோப்பாகவே மாறுகிறது. அவ்வாறு உண்டாகும் சோப்பும் நீங்கள் சேர்த்த திரவமும் மீதி எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரில் மிதக்க வைக்கின்றன. சூடான தண்ணீர் உறைந்த வனஸ்பதியை உருக்கி இந்த வேலையை விரைவாக்குகிறது.

கரைசலைத் தரையில் ஊற்றிப் பிரஷால் சமமாகப் பரப்பிய பிறகு, பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் எதுவும் செய்யாமல் விடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்வது இந்தக் காத்திருப்பைத்தான். உடனே தேய்க்கத் தொடங்கினால், இளகாத பிசுக்கின் மீது பிரஷ் வழுக்கிக்கொண்டு ஓடும், கை வலிக்கும், தரை அப்படியே இருக்கும். அதே சமயம் கரைசல் காய்ந்துவிடவும் கூடாது. காய்ந்தால் எண்ணெயும் சோடாவும் சேர்ந்து வெள்ளைத் திட்டாகப் படியும். வெயில் படும் நடைபாதையில் வேலை செய்வதாக இருந்தால் அதிகாலையிலோ மாலையிலோ செய்யுங்கள். இடையிடையே சிறிது கரைசலைத் தெளித்து ஈரத்தைக் காத்துவாருங்கள்.

காஸ்டிக் சோடா இன்னும் வேகமாக வேலை செய்யும் என்பது உண்மையே. ஆனால் அது தோலையும் கண்ணையும் எரித்துவிடும். அலுமினியப் பாத்திரத்தில் பட்டால் பாத்திரத்தை அரித்து, எரியக்கூடிய ஹைட்ரஜனை வெளியிடும். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ப்ளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் எந்தக் காரணத்திற்காகவும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு வெளிவரும், காற்றோட்டமில்லாத சமையற்கட்டில் அது உயிரையே பறிக்கக்கூடும். மண்ணெண்ணெயும் பெட்ரோலும் அடுப்புள்ள இடத்திற்கு உரியவை அல்ல.

மூன்றாம் படி: தேய்த்தல்

வாசலுக்கு எதிரே உள்ள மூலையிலிருந்து தொடங்கி, பின்னோக்கி நகர்ந்து வாருங்கள். சுத்தம் செய்த இடத்தை மிதிக்க நேராது. ஒரு கை கைப்பிடியின் மேல் முனையிலும், மற்றொரு கை இடுப்பு உயரத்திலும் இருக்கட்டும். ஒரு காலை முன்வைத்து நின்று, உடலின் எடையை முன்காலுக்கும் பின்காலுக்கும் மாற்றி மாற்றித் தள்ளி இழுத்தால் தோளுக்கு வேலை குறையும்.

அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பதை நாரே காட்டும். தேய்ப்பது நாரின் நுனி. நார் பக்கவாட்டில் மடங்கிப் படுத்துவிட்டால் நுனி தரையைத் தொடுவதில்லை என்று பொருள். அப்போது அழுத்தத்தைக் குறைத்து வேகத்தைக் கூட்டுங்கள். ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரமாகத் தரையைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் முதலில் நீளவாக்கிலும் பிறகு குறுக்குவாக்கிலும் தேய்த்தால் விடுபட்ட கோடுகள் இருக்காது. டைல்ஸ் இணைப்புகளில் பிரஷை இணைப்பின் நீளத்திலேயே ஓட்டுங்கள். குறுக்கே ஓட்டினால் பள்ளத்தில் இருக்கும் பிசுக்கை நார் தாண்டிச் சென்றுவிடும். சுவரும் தரையும் சேரும் மூலைக்குக் கையில் பிடிக்கும் சிறு பிரஷ் வேண்டும். வார்னிஷாக இறுகிய படலத்திற்கு இரண்டாம் படியிலிருந்து மீண்டும் ஒருமுறை செய்ய வேண்டியிருக்கும்.

நான்காம் படி: அள்ளுதல்

தேய்த்து முடித்த நிலையில் பிசுக்கு எங்கும் போய்விடவில்லை. அந்த அழுக்குத் தண்ணீருக்குள் மிதந்துகொண்டிருக்கிறது. அது மறுபடி படியும் முன்பு வைப்பரால் ஒரே திசையில் தள்ளிச் சேர்த்து, முறத்தால் வாளிக்குள் அள்ளுங்கள். அதன் பிறகே தரையைச் சூடான தண்ணீர் ஊற்றி அலச வேண்டும். அலசலும் இரண்டு முறை தேவை, ஏனெனில் தரையில் தங்கும் சோப்பும் வழுக்கும். அடுத்த நாள் அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வாளியில் அள்ளியதை அப்படியே சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆறியதும் மேலே மிதக்கும் கொழுப்பை வழித்து எடுத்துக் குப்பையில் சேர்த்துவிட்டு, மீதித் தண்ணீரை கிரீஸ் டிராப் (சாக்கடைக்குப் போகும் முன் கொழுப்பைத் தடுத்து நிறுத்தும் தொட்டி) வழியாக விடுங்கள். சூடாக இருக்கும்வரை ஓடிவிடும் கொழுப்பு, குழாய்க்குள் ஆறியதும் சுவரில் ஒட்டி, கால்சியத்தோடு சேர்ந்து கல்போல் இறுகும். லண்டனில் வைட்சாப்பல் பகுதியின் சாக்கடையில் 2017-ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்ட கொழுப்புக் கட்டி சுமார் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டதாக இருந்தது. நம் ஊரில் இத்தகைய அடைப்பு ஏற்பட்டால், மனிதரைக் கொண்டு கையால் கழிவகற்றுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருந்தும், பாதுகாப்பின்றி ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்குவது இன்னமும் நடக்கிறது. விஷவாயுவில் உயிர்களும் போகின்றன. ஒரு கடையின் வாளித் தண்ணீருக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பு உண்டு என்பதால்தான் இந்தப் படியை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

தரை காய்ந்ததும் டைல்ஸ் மீது சில துளித் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் எண்ணெய்ப் படலம் இன்னும் இருக்கிறது. மெல்லிய ஏடாகப் பரவினால் தரை சுத்தமாகிவிட்டது. சிமென்ட் தரையில் தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும்.

கடை வாசலும் நடைபாதையும்

வாசலில் பதித்திருக்கும் பேவர் பிளாக் கற்களுக்கும் இதே வரிசைதான். கற்களுக்கு இடையிலுள்ள மணல் அவற்றை நகராமல் பிடித்து வைப்பதால், நாரை ஆழமாக அழுத்தி மணலைத் தோண்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; வெளியேறிய மணலுக்குப் பதிலாக, கற்கள் காய்ந்த பிறகு புதிய மணலைக் கூட்டி நிரப்புங்கள்.

இன்ஜின் ஆயில் கனிம எண்ணெய் என்பதால் சோடாவில் அது சோப்பாக மாறாது. அதன் மீது மரத்தூளை ஓர் இரவு முழுவதும் போட்டு உறிஞ்சவிட்டுக் கூட்டி எடுத்த பிறகு, பாத்திரம் கழுவும் திரவத்தை நீர்க்காமல் ஊற்றிப் பிரஷால் தேய்த்து, சூடான தண்ணீரில் கரைத்து அள்ளுங்கள். கான்கிரீட்டுக்குள் இறங்கிவிட்ட பழைய கறைக்குச் சாக் பவுடரை (சுண்ணக்கட்டித் தூளை) அதே திரவத்தோடு களிபோலக் குழைத்து ஒரு சென்டிமீட்டர் கனத்தில் பூசி, பாலிதீன் தாளால் மூடி ஒரு நாள் விட்டு, பிறகு திறந்து காயவிடுங்கள். காயும்போது பவுடர் கறையை மேலே இழுக்கும். ஒரே முறையில் மறையாது, மங்கும். தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம்.

பிரஷைப் பேணுதல்

வேலை முடிந்ததும் பிரஷையும் அதே சூடான சோடாக் கரைசலில் சில நிமிடங்கள் வைத்து, அலசி, நார் கீழ்நோக்கி இருக்கும்படி சுவர் ஆணியில் மாட்டுங்கள். தரையில் நாரை ஊன்றி நிறுத்தி வைத்தால் நார் வளைந்து, நுனி தரையில் படாமல் போய்விடும். சமையற்கட்டுப் பிரஷும் கழிவறைப் பிரஷும் வெவ்வேறு நிறக் கைப்பிடிகளில் இருக்கட்டும். கட்டையின் ஓரத்தைத் தாண்டி நார்கள் வெளிப்புறமாகச் சாய்ந்து நின்றால் பிரஷை மாற்றும் காலம் வந்துவிட்டது.