ஊர் வீட்டுச் சுவரில் பெரிய சிலந்தி: அடிக்க முன்னர் என்ன பார்க்க வேண்டும்?

விடுமுறைக்கு யாழ்ப்பாணம், வன்னி போகிறவர்களில் பலர் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீட்டைத்தான் திறக்கிறார்கள். இரவு லைற்றைப் போட்டால் சுவரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி. அவுஸ்திரேலியாவில் வளர்ந்த பிள்ளைகள் அங்கே பள்ளியில் கேட்ட கொடிய சிலந்திகளை நினைத்துக் கத்துவார்கள். சிட்னிப் பக்கத்து ஃபனல் வெப் சிலந்தி ஊரில் இல்லை என்று முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். அப்புறம் நாலடி தள்ளி நின்று, போனில் ஒரு படம் எடுங்கள்.

அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுவரில் நிற்கும் பெரிய சிலந்தி அநேகமாக வேட்டைச் சிலந்திதான். தட்டையான மண்ணிற உடம்பு, நண்டு போலப் பக்கவாட்டில் விரிந்த மெல்லிய கால்கள், முகத்தின் மேல் வெளிறிய கோடு. வலை கட்டாது, கரப்பானைப் பிடிக்க ஓடித் திரியும். வயிற்றின் கீழே வெள்ளை வட்டமாக எதையாவது தூக்கிக்கொண்டு நின்றால் அது முட்டைப்பை. அந்த நேரம் சீண்டினால் கடிக்கக்கூடும். கடித்தாலும் பெரும்பாலும் வலியும் சிறு வீக்கமும்தான். முகட்டு மூலையில் நடுங்கும் ஊசிக்கால் சிலந்தியையும் ஜன்னலில் பாயும் குட்டிச் சிலந்தியையும் பொருட்படுத்தவே வேண்டாம்.

கவனமாக இருக்க வேண்டியது புலிமுகச் சிலந்தியிடம். தடித்த கால்கள், உடம்பு முழுக்க மயிர், முதுகில் சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த கோலம். நெருங்கினால் முன்கால்களைத் தூக்கும். அவற்றின் அடிப்பக்கத்தில் மஞ்சள் தெரியும். மாங்குளம் பக்கத்தில் கண்டெடுக்கப்பட்ட ஓர் இனம் 2012 இல் புதிதாக அறிவியலில் பதிவானது. கால்களோடு சேர்த்து 20 சென்ரிமீற்றர் வரை வரும். இவை முதிர்ந்த மரப்பொந்துகளில் வாழ்பவை. காடு குறையும்போது பழைய கட்டடங்களுக்குள்ளும் வந்துவிடுகின்றன. கடித்தால் கடும் வலி, அதன்பிறகு தசைப்பிடிப்பு. அரிதான விலங்கு, கொல்ல வேண்டாம். அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஊரில் இதில் பழக்கப்பட்ட ஒருவரைக் கூப்பிடுங்கள்.

காலையில் கழுத்திலோ கையிலோ கோடு போல எரிந்து கொப்புளம் போட்டிருந்தால், "சிலந்தி மூத்திரம் பட்டது" என்பார்கள். பல வேளைகளில் அது லைற்றுக்கு வரும், செம்மஞ்சளும் கறுப்பும் கலந்த ஒரு சிறு வண்டின் வேலை. அது கடிப்பதில்லை, தோலில் வைத்து நசுக்கும்போது வெளிவரும் சாறுதான் எரிக்கிறது. மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

எனக்குக் குடாநாட்டில் உண்மையான பயம் சிலந்தியில் இல்லை, இந்தியச் செந்தேளில்தான். பெரிய கறுப்புத் தேளைப் பார்த்துத்தான் எல்லாரும் பதறுகிறார்கள். செந்தேளோ சிறியது, செம்மண்ணிறம், முன்பக்க இடுக்கிகள் மெலிந்தவை, வால் தடித்தது. இதன் விஷம் இதயத்தைத் தாக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் ஆபத்து. கொட்டிய பிறகு வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் குளிர்ந்தால் காத்திருக்கவே கூடாது. செங்கல் குவியல், விறகு, கல் இடுக்கு எதிலும் வெறுங்கையை விடாதீர்கள். சப்பாத்தை உதறிப் போடுங்கள், இரவில் முற்றத்துக்குப் போனால் செருப்பும் ரோச்சும் வேண்டும்.

சிலந்தி கடித்தாலும் தேள் கொட்டினாலும் சோப்புத் தண்ணீரால் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். மூச்சு முட்டினாலோ, வலி பரவினாலோ, கடிபட்டது சிறு பிள்ளை என்றாலோ உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எடுத்த படத்தை டொக்டருக்குக் காட்டுங்கள்.

புலிமுகச் சிலந்தி கடித்தவருக்குத் தசைப்பிடிப்பு சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம், நாட்கள் கழித்துத் திரும்பவும் வரலாம். அதற்குள் திரும்பிப் போய்விட்டால், அங்குள்ள குடும்ப வைத்தியரிடமும் அந்தப் படத்தைக் காட்டி, எங்கே எப்போது கடித்தது என்று சொல்லுங்கள்.