மலைப்பாதை ஊற்றில் தண்ணீர் பிடிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

நீலகிரியில் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தபிறகு, மலையேறும் வண்டிகளில் காலி கேன்களும் ஏறுகின்றன. குன்னூர், கோத்தகிரிப் பாதைகளில் பாறை இடுக்கிலிருந்து ஒரு பைப் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், வண்டியை ஓரங்கட்டிவிடுகிறார்கள். கையைக் கழுவு, கேனை மூடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம்.

மழை விட்டதும் ஓடிப்போய்ப் பிடிப்பது

புதிதாக வருகிறவர்கள் தவறாமல் செய்வது இதுதான். எத்தனை தடவை பார்த்தாலும் எரிச்சல் அடங்குவதில்லை. ராத்திரி முழுக்கக் கொட்டிய மழை விடிகாலையில் நிற்கும். அதுவரை நூல்போல் ஒழுகிய பைப்பில் தண்ணீர் பாய்ந்து விழும். "இன்னைக்கு நல்லா வருது" என்று கேன்களை வரிசையாக வைப்பார்கள். லேசான பழுப்பு தெரிந்தாலும், "மலைத் தண்ணி அப்படித்தான்" என்று ஒரு சமாதானம்.

நல்லா வருவதுதான் சிக்கலே. உண்மையான ஊற்றில் மழைநீர் மண்ணிலும் பாறை வெடிப்பிலும் மெல்ல இறங்கி, நாள்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் கழித்துத்தான் வெளியே வரும். ஒரு ராத்திரி மழைக்கு அதன் அளவு பெரிதாக மாறாது. சில மணி நேரத்தில் பொங்குகிறது என்றால் அது மேல்மண்ணைக் கழுவிக்கொண்டு வரும் தண்ணீர். சாணம், கழிவறைக் குழிக் கசிவு எல்லாம் அதோடு சேர்ந்தே வரும். இரண்டும் ஒரேமாதிரி பிவிசி பைப்பில், ஒரேமாதிரி சில்லென்றுதான் விழும். நாக்கால் பிரித்தறிய முடியாது.

ஒரு வாளி இருந்தால் ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். ஒரு வாரம் மழையில்லாத நாளில் 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். பெருமழைக்கு மறுநாள் அதே வாளி 35 விநாடியில் நிரம்பினால் பரவாயில்லை. 12 விநாடியில் நிரம்பினால் அந்தப் பைப்பை மறந்துவிடுங்கள். கூடவே, கண்ணாடி டம்ளரில் பிடித்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துக் கலங்கலைப் பாருங்கள். காலையிலும் மத்தியானத்திலும் வெப்பமானியை விட்டுப் பார்ப்பதும் உதவும். ஆழத்திலிருந்து வரும் நீரின் சூடு அநேகமாக மாறாது. மேலாக ஓடிவரும் நீர் வெயிலோடு சேர்ந்து ஏறி இறங்கும்.

அடுத்தது, பைப்புக்கு மேலே சரிவில் என்ன இருக்கிறது என்று விசாரிப்பது. காடு என்றால் ஒரு மாதிரி. தேயிலையோ, கேரட், முட்டைக்கோஸ் பாத்தியோ என்றால் வேறு மாதிரி. உரத்திலிருந்து வரும் நைட்ரேட்டுக்கு இந்தியக் குடிநீர்த் தரம் (ஐஎஸ் 10500) வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். அதைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது. நீர் ஆவியாக ஆக அது கெட்டிப்படத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க இந்தத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். மூலிகை வேரைத் தொட்டு வருகிற தண்ணீர் என்று யாராவது சொல்வார்கள். அதே சரிவில் ஆட்டுப்பட்டி இருந்தால் அதையும் தொட்டுத்தான் வந்திருக்கும்.

டிடிஎஸ் மீட்டரைக் காட்டித் தீர்ப்புச் சொல்வது

மலை ஊற்றில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே காட்டுவது சாதாரணம். அந்த மீட்டர் அளப்பது கரைந்திருக்கும் உப்பை மட்டும். கிருமி அதன் கணக்கிலேயே வராது. மலக்கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஹைட்ரஜன் சல்பைடு சோதனைக் குப்பி இருக்கிறது. குறியீடு வரை தண்ணீரை ஊற்றி, மூடி, ஒன்றிரண்டு நாள் வைத்தால், கறுத்துப்போவது கெட்ட சேதி. ஊட்டிக் குளிரில் ஜன்னலோரம் வைத்தால் கறுக்கத் தாமதமாகும். துணியில் சுற்றிக் கதகதப்பான இடத்தில் வையுங்கள். நைட்ரேட்டும் தெரிய வேண்டுமானால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம்.

கொதி வந்ததும் அடுப்பை அணைப்பது

ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சமவெளியில் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் விடுங்கள்.

குளோரின் மாத்திரை போடுகிறவர்கள் கலங்கல் தண்ணீரில் நேரே போட்டுவிடுகிறார்கள். மண்ணும் மக்கிய இலைதழையும் குளோரினைத் தின்றுவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. முதலில் தெளியவிட்டு, நாலாக மடித்த சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். உறையில் போட்டிருக்கும் அளவுக்கு மாத்திரை போட்டபின் 30 நிமிடம். தண்ணீர் ரொம்பச் சில்லென்றிருந்தால் ஒரு மணி நேரம். கடைசியில் லேசாகக் குளோரின் வாடை இருக்க வேண்டும். வாடையே இல்லையென்றால் போட்டது போதவில்லை.

கேனை வெறும் தண்ணீரில் அலசுவது

உள்சுவரில் விரலை வைத்தால் வழுக்குகிறதா? அது கிருமிப் படலம். குறுகிய வாய்க்குள் பிரஷ் நுழையாது. ஒரு கைப்பிடி கல்லுப்பு, ஒரு கைப்பிடி அரிசி, அரை லிட்டர் தண்ணீர் போட்டு இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கினால் படலம் பெயர்ந்து வரும். கொட்டிவிட்டு இரண்டு முறை அலசிக் கவிழ்த்து வையுங்கள். பூச்சிமருந்து, பெயின்ட், எஞ்சின் ஆயில் வந்த கேன் எத்தனை தடவை கழுவினாலும் ஆகாது.

20 லிட்டர் கேன் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல். பாசி பிடித்த படியில் அதைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வதைவிட, 10 லிட்டரில் இரண்டாகக் கொண்டுபோவது மேல்.

பைப் வாயில் கட்டியிருக்கும் துணியை நம்புவது

அது வடிகட்டி இல்லை, அழுக்கு மூட்டை.

கொண்டை ஊசி வளைவில் நிறுத்துவது

வேண்டாம்.

குன்னூர் மலைப்பாதையில் பர்லியார் பக்கம் இருட்டியபின் வண்டியைவிட்டு இறங்குவது

யானை வரும்.

ஆறு கேனையும் ஒரே மூச்சில் பிடிப்பது

நிமிடத்துக்கு 15 லிட்டர் வரும் பைப்பில் ஒரு 20 லிட்டர் கேனுக்கு 80 விநாடி, ஆறு கேனுக்கு எட்டு நிமிடம். கோடையில் ஊற்று பாதியாகக் குறைந்தால் பதினாறு. பின்னால் குடத்தோடு நிற்கிற அம்மாவுக்கு அன்றைய சமையல் தண்ணீரே அதுவாக இருக்கலாம். குடம் நிரம்ப ஒரு நிமிடம் ஆகும். ஒரு கேன் பிடித்ததும் கேனை நகர்த்திவிட்டு, "நீங்க பிடிங்கக்கா" என்று விடுங்கள்.