கண்டல் கன்று நடமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

களப்போரச் சேற்றில் நட்ட கண்டல் பட்டுப்போனால் மாட்டையும் வெயிலையும் குறைசொல்வது வழக்கம். பெரும்பாலும் பிழை நட்ட இடத்தில்தான். இலங்கையில் கண்டல் மீள்நடுகை நடந்த 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான கட்டுரையின்படி, 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை.

திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வெறும் சேறாகத் தெரியும் திறந்த வெளியில் நடுவதுதான் முதல் தவறு. அங்குள்ள கொட்டியாரக்குடாவில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றரைத் தொடாது. ஆகவே ஒரு சாண் தாழ்ந்தாலே கன்று மூழ்கிக் கிடக்கும். மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத்திணறும், தண்டில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கடலுயிரி) ஏறும். இயற்கையாக நிற்கும் கண்டலின் கடலோரக் கடைசி மரத்தடியில் ஒரு தடியும், நடும் இடத்தில் இன்னொன்றும் ஊன்றி, மேசன்மாரின் தண்ணீர்மட்டக் குழாயால் ஒப்பிடுங்கள். தாழ்வென்றால் விட்டுவிடுங்கள். அந்தச் சேறும் கடற்புல்லும் நண்டுக்கும் கரைப்பறவைக்கும் வேண்டியவை. அங்கே கன்று பிழைத்தாலும் நட்டம்தான்.

எங்கும் முட்டுவேர் ஊன்றி நிற்கும் கண்டல் இனமான றைசோபோராவையே குத்துவது அடுத்த தவறு. நடுவதற்குச் சுலபம் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. உப்பேறிய மேட்டுப்பகுதிக்கு, மண்ணுக்குமேல் மூச்சுவேர் விடும் கண்ணா என்ற கண்டல் இனமே பொருந்தும். மரத்திலேயே முளைத்துத் தொங்கும் றைசோபோரா நாற்றுக்காயின் கழுத்தில் மஞ்சள் வளையம் தெரிந்து, தொட்டதும் கழன்றால்தான் முற்றியது. கூர்முனை கீழாக, நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு புதைய, ஒரு மீற்றர் இடைவெளியில் ஊன்றலாம். பையில் வளர்த்த கன்றென்றால் பொலித்தீனைக் கழற்றாமல் நடாதீர்கள். பக்கத்தில் பால் வடியும் தில்லை மரம் நின்றால் வெட்டவே வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும்.

தெருவோ அணைக்கட்டோ நீரோட்டத்தை மறித்திருந்தால் நடுவதே வீண். மதகைத் திறந்து உவர்நீர் போய்வர விட்டால், அருகில் தாய்மரங்கள் இருக்கும்வரை விதை தானே வந்து சேரும். கண்ணாவின் மூச்சுவேர்மேல் மண் கொட்டினால் நின்ற மரமும் சாகும்.

சட்டத்திலும் ஒரு தப்பெண்ணம் உண்டு: ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இல்லாத இடத்துக்குப் பாதுகாப்பில்லை என்பது. அந்தப் பட்டியல் நேரடியாக யாரையும் தண்டிப்பதில்லை, உள்நாட்டுச் சட்டமே தண்டிக்கும். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும், கடலோடு தொடுக்கும் களப்புகளிலும் ஆறுகளிலும் முகத்துவாரத்திலிருந்து உள்நோக்கி 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். உறுதிக்காணி என்றாலும், அதற்குள் மண் நிரப்பவோ கட்டவோ முன்கூட்டியே கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும்.