எரிவாயு விலையும் ஹெஜிங்கும்: கொப்பியில் கணக்குப் போட்டுப் பழகுவோம்

மூதூரில் எங்கள் பெரியப்பா பெரும்போக நெல்லை அறுவடைக்கு முன்பே ஆலைக்காரரோடு விலை பேசி முடித்துவிடுவார். மூடைக்கு இவ்வளவு என்று பேச்சு, கையில் கொஞ்சம் முற்பணம். சில வருடம் அறுவடை நேரத்தில் சந்தை விலை அதைவிட மேலே போய்விடும். வீட்டில் எல்லோரும் "ஐயோ, நட்டம்" என்பார்கள். அவர் அசையமாட்டார். "உழவுக்கும் பசளைக்கும் நான் போட்ட காசு எனக்குத் தெரியும். அந்த விலை எனக்குக் கட்டும் எண்டுதான் பேசினனான்" என்பார்.

ஹெஜிங், அதாவது விலைக் காப்பு, என்பது இதுதான். விலை எங்கே போகும் என்று ஊகிப்பது அல்ல. எந்த விலை நமக்குக் கட்டும் என்று தெரிந்து, அதை முன்கூட்டியே பிடித்து வைப்பது.

நான் கட்டாரில் எட்டு வருடம் ஒரு கம்பனியின் கொள்வனவுப் பிரிவில் கணக்குப் பார்த்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். தங்கச்சியின் மகன் இங்கே திருகோணமலை வளாகத்தில் படிக்கிறான். போன மாதம் கொப்பியோடு வந்து உட்கார்ந்தான்: "மாமா, காஸ் ஹெஜிங் எண்டா என்ன? புத்தகத்தில வாசிச்சா ஒண்டும் விளங்குதில்ல." அவனுக்குச் சொல்லிக் கொடுத்த ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பது இயற்கை எரிவாயு அல்ல, அது எல்பி காஸ். புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அதன் இறக்குமதி விலைக்குச் சவூதி அராம்கோ மாதாமாதம் அறிவிக்கும் விலைதான் அடிப்படை. இங்கே பேசப்போவது இயற்கை எரிவாயு, அதாவது மீத்தேன். குழாய் வழியாகவோ, குளிரவைத்துத் திரவமாக்கி எல்என்ஜி கப்பலிலோ போவது. அது நம் வீட்டுக்கு வராவிட்டாலும் நம் வயலுக்கு வருகிறது. யூரியா செய்ய அமோனியா வேண்டும். ஒரு தொன் அமோனியாவுக்குச் சுமார் 35 எம்எம்பிடியூ எரிவாயு தேவை (எம்எம்பிடியூ என்ற அலகைப் படி 2இல் பார்ப்போம்). தம்பலகாமத்தில் ஒருவர் வாங்கும் யூரியா மூடையின் விலையில் எங்கோ ஒரு நாட்டின் எரிவாயு விலை ஒளிந்திருக்கிறது.

படி 1: நீங்கள் எந்தப் பக்கம்?

எரிவாயு வாங்குபவருக்கு விலை ஏறினால் வலி. விற்பவருக்கு இறங்கினால் வலி. வாங்குபவர் தன்னைக் காக்க எதிர்கால ஒப்பந்தத்தை, அதாவது பின்னால் வரும் ஒரு மாதத்துக்கான விலையை இன்றே பேசிவைக்கும் சந்தை ஒப்பந்தத்தை, வாங்குவார், விற்பவர் அதை விற்பார். இதைக் கொப்பியின் முதல் வரியில் எழுதிவிடுங்கள். இது மாறிப்போனால் காப்பு என்று நினைத்துச் செய்வது ஆபத்தை இரண்டு மடங்காக்கிவிடும்.

படி 2: அளவையும் அலகையும் பழகுங்கள்

அமெரிக்காவில் எரிவாயு விலைக்கு ஆதாரம் ஹென்றி ஹப். லூசியானா மாநிலத்தில் பல குழாய்கள் சந்திக்கும் ஓர் இடம். அதை வைத்து நியூயோர்க்கின் நைமெக்ஸ் சந்தையில் 1990 ஏப்ரலில் எதிர்கால ஒப்பந்தம் தொடங்கியது. ஓர் ஒப்பந்தம் 10,000 எம்எம்பிடியூ. எம்எம்பிடியூ என்பது வெப்பத்தை அளக்கும் அலகு, கிட்டத்தட்ட 1,000 கன அடி வாயுவில் இருக்கும் வெப்பம். ஐரோப்பாவில் டிடிஎஃப் என்ற நெதர்லாந்துச் சந்தை விலை, மெகாவாட் மணிக்கு இத்தனை யூரோ என்று வரும். ஒரு மெகாவாட் மணி என்றால் 3.412 எம்எம்பிடியூ. இரண்டையும் ஒப்பிடும்போது இந்த வகுத்தலை மறந்துவிட்டுத் தவறான முடிவுக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த விலை எவ்வளவு ஆடும்? 2020 நடுப்பகுதியில் ஹென்றி ஹப்பில் ஓர் எம்எம்பிடியூ 2 டொலருக்கும் கீழே கிடந்தது. 2022 ஓகஸ்டில் 9 டொலரைத் தாண்டியது. 2024 தொடக்கத்தில் மறுபடியும் 2 டொலருக்குக் கீழே. இப்படி ஆடும் ஒன்றை எரித்துத் தொழில் நடத்துபவர் நிம்மதியாகத் தூங்க முடியாது.

படி 3: கணக்கு

பயிற்சிக்கு லூசியானாவில் ஒரு சின்ன உர ஆலையை வைத்துக்கொள்வோம். ஜனவரி மாதத்துக்கு 100,000 எம்எம்பிடியூ வேண்டும். வழங்குநர் அந்த மாதத்து ஹென்றி ஹப் விலையோடு குழாய்க் கூலியாக 10 சதம் சேர்த்துப் பில் போடுவார். இன்று ஜனவரி ஒப்பந்தத்தின் விலை 3.50 டொலர். ஆலை தன் தேவையில் 60 வீதத்தை மட்டும் காப்பில் வைக்க முடிவு செய்து, 6 ஒப்பந்தங்கள் வாங்குகிறது.

விலை 6.00 டொலருக்கு ஏறிவிட்டது என்று வையுங்கள். எரிவாயு பில் 610,000 டொலர். ஆனால் 3.50க்கு வாங்கிய ஒப்பந்தத்தில் அலகுக்கு 2.50 லாபம், 60,000 அலகுக்கு 150,000. கழித்தால் உண்மைச் செலவு 460,000.

இப்போது விலை 2.00 டொலருக்கு விழுந்தது என்று வையுங்கள். பில் 210,000தான். ஆனால் ஒப்பந்தத்தில் அலகுக்கு 1.50 நட்டம், மொத்தம் 90,000. கூட்டினால் 300,000.

இந்த இடத்தில் மருமகன் பேனையை வைத்துவிட்டான். "மாமா, இந்த 90,000 சும்மா போச்சுதே? செய்யாமலே இருந்திருக்கலாம்."

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நான் கொப்பியைத் திருப்பி, காப்பு இல்லாத செலவுகளைப் பக்கத்தில் எழுதச் சொன்னேன். காப்பு இல்லையென்றால் செலவு 210,000இலிருந்து 610,000 வரை எங்கும் நிற்கலாம், இடைவெளி 400,000. காப்போடு 300,000இலிருந்து 460,000, இடைவெளி 160,000. ஆலை வாங்கியது இந்தச் சுருங்கிய இடைவெளியைத்தான். யூரியாவை என்ன விலைக்கு விற்கலாம், சம்பளம் எப்படிக் கொடுக்கலாம் என்று இப்போது திட்டம் போட முடியும். ஒப்பந்தத்தின் நட்டத்தைத் தனியே எடுத்துப் பார்த்துக் கவலைப்பட்டால், பெரியப்பாவைப் பார்த்து "ஐயோ, நட்டம்" என்றவர்களின் தவறைத்தான் நாமும் செய்வோம்.

படி 4: அளவு மீறக் கூடாது

அதே ஆலை, அதே 100,000 தேவை. ஆனால் மேலாளர் "விலை ஏறத்தான் போகிறது" என்ற நம்பிக்கையில் 20 ஒப்பந்தங்கள் வாங்கிவிட்டார். விலை 2.00க்கு விழுகிறது. பில் 210,000. ஒப்பந்த நட்டம் 300,000. மொத்தம் 510,000. விலை அசையாமல் 3.50இலேயே நின்றிருந்தால்கூட 360,000தான் ஆகியிருக்கும். எரிவாயு மலிந்த மாதத்தில் ஆலைக்குச் செலவு கூடிவிட்டது! தேவைக்கு மேல் வாங்கிய ஒவ்வோர் ஒப்பந்தமும் பந்தயம்தான், பெயர் மட்டும்தான் காப்பு. 2006 செப்டெம்பரில் அமராந்த் என்ற அமெரிக்க முதலீட்டு நிதியம் எரிவாயு ஒப்பந்தங்களில் 6 பில்லியன் டொலருக்கு மேல் இழந்து மூடப்பட்டது. அவர்கள் எரிவாயுவை எரிப்பவர்கள் அல்லர்.

தேவையான அளவைக்கூட ஒரே நாளில் வாங்கி முடித்துவிட வேண்டாம். இந்த மாதம் இரண்டு, அடுத்த மாதம் இரண்டு என்று படிப்படியாக வாங்கினால் விலை சராசரியாகிவிடும்.

படி 5: கைக்காசு

எதிர்கால ஒப்பந்தத்தில் லாப நட்டம் அன்றன்றைக்கே தீர்க்கப்படும். விலை 10 சதம் இறங்கினால் ஓர் ஒப்பந்தத்துக்கு 1,000 டொலர், ஆறுக்கு 6,000 டொலர் கணக்கிலிருந்து போகும். ஒப்பந்தத்துக்குப் பிணையாகக் கட்டி வைத்த வைப்புப் பணம் குறைந்தால் உடனே நிரப்பச் சொல்லுவார்கள். மலிவான எரிவாயுவின் பலன் ஜனவரிப் பில்லில்தான் வரும், ஆனால் ஒப்பந்தக்காசு நவம்பரிலேயே கேட்பார்கள். 1993இல் ஜேர்மனியின் மெட்டால்கெசெல்ஷாஃப்ட் கம்பனி எண்ணெய் ஒப்பந்தங்களில் இந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொண்டு ஒரு பில்லியன் டொலருக்கு மேல் இழந்தது. ஆகவே காப்பு போடும் முன் வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள்.

படி 6: இட வித்தியாசம்

உங்கள் எரிவாயு ஹென்றி ஹப்பில் இல்லாவிட்டால், அங்குள்ள விலையும் உங்கள் வாசலில் உள்ள விலையும் ஒன்றாக அசையும் என்று நம்பக் கூடாது. டெக்சாஸ் மேற்கிலுள்ள வாஹாவில் 2024இல் பல நாட்கள் விலை பூச்சியத்துக்கும் கீழே போனது. வாயுவை வெளியே கொண்டுபோகக் குழாய் போதவில்லை. ஹென்றி ஹப்பிலோ விலை பூச்சியத்துக்கு மேலேயே நின்றது. இந்த வித்தியாசத்துக்குக் கொப்பியில் தனி நிரல் வையுங்கள்.

படி 7: விலை விழும் பக்கத்தை எழுதாமல் கையொப்பம் வைக்காதீர்கள்

இந்தப் படிக்காகத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

எதிர்கால ஒப்பந்தம் தவிர விருப்ப ஒப்பந்தம் என்று ஒன்றுண்டு. அலகுக்கு 20 சதம் கட்டணம் கட்டினால், விலை எவ்வளவு ஏறினாலும் 4.00க்கே வாங்கும் உரிமை கிடைக்கும் என்று வையுங்கள். 60,000 அலகுக்கு 12,000 டொலர். விலை விழுந்தால் போவது அந்த 12,000 மட்டும். காப்புறுதித் தவணை போல. அந்தக் கட்டணமும் வேண்டாம் என்பவருக்கு இன்னொரு வழி காட்டுவார்கள்: விலை 3.00க்குக் கீழே போனால் வித்தியாசத்தை நீங்கள் கொடுங்கள், கட்டணம் பூச்சியம். "செலவில்லாதது" என்ற சொல்லில் பலர் மயங்கிவிடுகிறார்கள். கட்டணம் இல்லாமல் போகவில்லை, விலை விழும் பக்கத்துக்கு இடம் மாறியிருக்கிறது.

இலங்கையில் ஹெஜிங் என்றாலே மக்கள் முகம் சுளிப்பதற்கு இதுதான் காரணம். 2007, 2008இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் வங்கிகளோடு எண்ணெய் விலைக் காப்பு ஒப்பந்தங்கள் செய்தது. எண்ணெய் ஏறிக்கொண்டே இருந்த காலம் அது. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டொலரைத் தொட்டது. டிசெம்பரில் 40க்கும் கீழே. ஏறும் பக்கத்தில் வங்கி தரும் தொகைக்கு வரம்பு இருந்தது. இறங்கும் பக்கத்தில் நாம் கட்ட வேண்டியது விலை விழ விழக் கூடிக்கொண்டே போனது. நவம்பரில் உயர் நீதிமன்றம் கொடுப்பனவுகளை நிறுத்தி வைத்தது. வழக்கு வெளிநாடு போனது. 2011இல் லண்டன் நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கிக்கு 160 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2012இல் சர்வதேச நடுவர் மன்றத்தில் டொயிட்ஷே வங்கிக்குச் சுமார் 60 மில்லியன். சிட்டி வங்கி மட்டும் தன் கோரிக்கையில் தோற்றது. இது ரூபா அல்ல, டொலர்.

ஹெஜிங் கெட்டது என்று இதிலிருந்து முடிவு கட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. காப்பே இல்லாமல் இறக்குமதி செய்வதும் பந்தயம்தான். விலை 40க்குப் போனால் என்ன கட்டுவோம் என்ற ஒரு வரியைக் கையொப்பத்துக்கு முன் கொப்பியில் எழுதிப் பார்த்திருந்தால், அந்த ஒப்பந்தத்தின் வடிவமே மாறியிருக்கும். கெரவலப்பிட்டிக்கு எல்என்ஜி கொண்டுவருவது பற்றிப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. சீனக்குடா எண்ணெய்க் குதங்களை மறுபடி பயன்படுத்த 2022இல் உடன்படிக்கை வந்தது. நாளைக்கு அந்த மேசைகளில் நம் பிள்ளைகளும் உட்காருவார்கள். அப்போது இந்த வரியை எழுதத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.

படி 8: காசு போடாமல் மூன்று மாதம்

அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் வியாழன்தோறும் எரிவாயுச் சேமிப்பு அறிக்கை வெளியிடும். நம் நேரப்படி இரவு 8 மணி, அங்கே குளிர்காலமென்றால் 9 மணி. சேமிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தால் விலை துள்ளும், கூடினால் விழும். அந்த நேரம் கொப்பியோடு உட்காருங்கள். மூன்று மாதம் தள்ளியுள்ள ஓர் ஒப்பந்தத்தின் விலையை எடுத்து, மேலே சொன்ன ஆலைக்கு ஆறு ஒப்பந்தம் வாங்கியதாக எழுதுங்கள். ஒவ்வொரு வியாழனும் நாலு நிரல்: இன்றைய விலை, ஒப்பந்த லாப நட்டம், இன்றே பில் வந்தால் எவ்வளவு, இரண்டும் சேர்ந்த தொகை. விநியோக மாதம் தொடங்க மூன்று வேலை நாள் முன்னதாக ஒப்பந்தம் முடிந்துவிடும். அன்று கணக்கை மூடுங்கள்.

மருமகனின் கொப்பியில் இப்போது நாலாவது வியாழன். இரண்டாவது நிரல் முழுக்கச் சிவப்பு மையில் நட்டமாக இருக்கிறது. நேற்று அதைக் காட்டும்போது அவன் முகம் வாடவில்லை. விரலை நாலாவது நிரலில்தான் வைத்திருந்தான்.