புகழ்பெற்ற நவீன ஓவியங்களை நேரில் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளைப் பார்க்க நியூயார்க் செல்லும் சேலத்துப் பெற்றோரின் பயணத் திட்டத்தில், அந்நகரின் நவீனக் கலை அருங்காட்சியகமும் இடம்பெறுவதுண்டு. ஏற்காட்டு விடுதிச் சுவரிலும் கைப்பேசி உறையிலும் பார்த்துப் பழகிய வான்கோவின் விண்மீன் இரவு ஓவியம் (1889) அங்கேதான் இருக்கிறது. ஏற்கெனவே தெரிந்த படத்தைச் சரிபார்க்க வந்தவரைப் போல அதன் முன் நின்று, ஒரு தற்படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதே பெருந்தவறு என்பேன். ஓவியத்தின் உண்மையான அளவையும் வண்ணப்பூச்சின் தடிமனையும் அச்சுப் படம் ஒருபோதும் காட்டாது. நேரில் போவதே அவற்றுக்காகத்தான்.

அளவை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதவர்கள் எளிதில் ஏமாந்துபோகிறார்கள். அதே அருங்காட்சியகத்தில் உள்ள, உருகி வழியும் கடிகாரங்களை டாலி வரைந்த 1931ஆம் ஆண்டு ஓவியம் 24 செ.மீ. உயரமும் 33 செ.மீ. அகலமுமே கொண்டது, ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது. ‘இவ்வளவுதானா’ என்று திரும்பிவிடாமல் நெருங்கிப் பார்த்தால், கவிழ்ந்து கிடக்கும் கடிகாரத்தின் மேல் எறும்புகள் மொய்ப்பது கண்ணில் படும். மாறாக, ஸ்பெயின் தலைநகர் மத்ரித்தின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகத்தில் உள்ள பிக்காசோவின் ‘குவெர்னிகா’ (1937) ஏறத்தாழ 3.5 மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் உடையது என்பதால், முதலில் விலகி நின்று முழுமையாகவும், பிறகு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்தும் பார்க்க வேண்டும். கறுப்பு, வெள்ளை, சாம்பல் நிறங்களிலேயே அது வரையப்பட்டிருப்பதை நேரில் பார்த்த பிறகுதான், புத்தகத்தில் கண்டது அச்சுச் சிக்கனம் அல்ல என்று சிலர் நம்புகிறார்கள்.

வான்கோவின் ஓவியத்தைச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பார்த்தால், வண்ணம் வரப்பு வரப்பாக மேலெழுந்திருப்பது தெரியும். பட்டுச் சேலையின் கரையை இரு விரல்களால் தடவிப் பார்த்தே தரம் சொல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே கை நீளுவது இயல்புதான். ஆனால் விரலிலுள்ள எண்ணெய்ப் பசையும் ஈரமும் வண்ணத்தைக் கெடுக்கும் என்பதால், தொடவே கூடாது.

‘இதை என் பேரனே வரைவான்’ என்ற பேச்சு பெரும்பாலும் அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் ஓவியங்களுக்கு முன்னால்தான் எழுகிறது. பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆயினும், துணியைத் தரையில் விரித்து, அதைச் சுற்றி நடந்தபடியே அவர் வண்ணத்தை ஊற்றியும் சொட்டவிட்டும் வரைந்தார் என்பதை மனத்தில் கொண்டு, எந்தக் கோடு எதன் மேல் விழுந்திருக்கிறது என்று சில நிமிடங்களாவது தேடிப் பார்த்தபின் தீர்ப்புச் சொல்வதே நியாயம்.

எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க முயலவும் வேண்டாம்.

நவீன ஓவியம் பார்க்கக் கடல் கடந்தே ஆகவேண்டும் என்பதும் தவறான எண்ணமே. பெங்களூரில் மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இயங்குகிறது. சென்னைக்கு அருகே, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. சேலத்திலிருந்து பெங்களூருக்குக் காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்றாலும், திங்கட்கிழமை அந்தக் கலைக்கூடத்துக்கு விடுமுறை.