ஒரு சொல்லால் சட்டத்தை மாற்றுவது எப்படி: ஸ்வெண்ட் ராபின்சனின் வழி

புதுச் சட்டம் எழுதப் போகாதீர்கள்; இருக்கிற சட்டத்தில் விடுபட்ட இடத்தைத் தேடுங்கள். கனடாவில் 1988-இல் தன்பாலீர்ப்பாளர் என வெளிப்படையாக அறிவித்த முதல் எம்.பி.யும் வழக்கறிஞருமான ஸ்வெண்ட் ராபின்சன் அப்படித்தான் செய்தார்.

குற்றவியல் சட்டத்தின் 318(4) பிரிவு, வெறுப்புப் பிரசாரத்திலிருந்து காக்க வேண்டிய குழுக்களை நிறம், இனம், மதம், பூர்விகம் எனப் பட்டியலிட்டிருந்தது. அதில் 'பாலீர்ப்பு' என்பதைச் சேர்க்க, சி-250 என்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார்.

பலர் சறுக்குவது அடுத்த கட்டத்தில். எதிர்ப்பவரின் அச்சம் என்னவென்று கேட்காமலே வாக்கெடுப்புக்குப் போய்விடுவார்கள். வேதநூலை மேற்கோள் காட்டினாலே குற்றமாகுமோ என்ற பயத்துக்கு, மதநூலை நம்பி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு விலக்கு தரும் வரி சேர்க்கப்பட்டது. 2004 ஏப்ரலில் மசோதா சட்டமானது.

தோற்கும் திருத்தத்தையும் அவைக்குறிப்பில் ஏற்றிவிடுங்கள். கனடா அரசியலமைப்பின் அடிப்படை உரிமைப் பகுதியான உரிமைச் சாசனத்தின் வரைவில் இதே சொல்லைச் சேர்க்க 1981-இல் ராபின்சன் கேட்டபோது நாடாளுமன்றக் குழு மறுத்தது. 1995-இல், ஒரு தன்பாலின இணையர் தொடுத்த ஈகன் வழக்கில், உச்ச நீதிமன்றமே பாலீர்ப்புக்கான பாதுகாப்பு சாசனத்தின் சமத்துவம் பற்றிய 15-ஆம் பிரிவில் அடங்கும் என்றது.